நந்திக்கடலில் மீன் செத்தது யாருடைய நஞ்சால்?

வற்றாப்பளை மகள்

எங்கள் வீட்டில் அப்பாவும் மாமாவும் பத்து நாளாகப் பேசிக்கொள்வதில்லை. காரணம் முல்லைத்தீவில் எங்கள் ஊரை ஒட்டிய நந்திக்கடல் களப்பில் செத்த மீன். களப்பையும் கடலையும் அறிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

அப்பா நாற்பது வருடமாக வீச்சுவலைக்காரர். நான் அவரிடமும் அக்கம்பக்கத்து ஆட்களிடமும் இறால் வாங்கிப் புதுக்குடியிருப்புச் சந்தைக்குக் கொடுக்கிறேன். மிஞ்சியதைக் காய வைக்கிறேன். காலையில் எழும்பினால் எங்கள் வீட்டில் கேட்கிற முதல் கேள்வியே தண்ணீர் எப்படிக் கிடக்கிறது என்பதுதான்.

வைகாசிப் பொங்கலுக்கு அம்மன் கோயிலுக்கு வந்த சனம் கரையில் நின்று படம் எடுத்தபோது தண்ணீர் நல்ல தெளிவு. பிறகு ஆடி முழுக்க மழை இல்லை. வட்டுவாகல் பக்கம், களப்பு கடலோடு சேர்கிற முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டது. தண்ணீர் இறங்கி இறங்கி அப்பாவின் முழங்காலுக்கு வந்தது. ஆவணி நடுவில் நிறம் மாறத் தொடங்கியது, பயறு அவித்த தண்ணீர் மாதிரி ஒரு பச்சை. கையால் அள்ளிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெள்ளைத் துணியில் ஊற்றினால் பச்சைப் பொடியாக ஒரு படை நிற்கும். வலை வழுக்கியது. ஆனாலும் இறால் பட்டுக்கொண்டிருந்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

போன கிழமைக்கு முதல் கிழமை இரண்டு நாள் மந்தாரம். சோழகக் காற்றும் விழுந்துவிட்டது, ஓலை கூட அசையவில்லை. இரண்டாம் நாள் பின்னேரம் ஒரு தூறல். அடுத்த நாள் விடிய நாலரைக்கு அப்பா வெறும் பறியோடு வந்து என்னை எழுப்பினார். ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு ஓடினேன். கரையோரம் முழுக்க மீன்கள் வாயை மேலே நீட்டிக்கொண்டு நின்றன. கை வைத்தாலும் ஓடவில்லை. நண்டுகள் கண்டல் வேரில் ஏறித் தண்ணீருக்கு வெளியே இருந்தன. நண்டு அப்படி இருந்து நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. வெளிச்சம் வருமுன்னே பெரிய திரளிகள் வெள்ளையாக மிதந்தன. பிறகு ஓரா, கெளிறு. யப்பான் மீன், அதுதான் திலாப்பியா, மட்டும் நெடுநேரம் தாக்குப்பிடித்தது. பத்து மணியளவில் பச்சை போய்த் தேத்தண்ணி நிறம் வந்துவிட்டது. கூழ்முட்டை நாற்றம்.

வயலுக்கு அடித்த மருந்துதான் கொன்றது என்கிறார் அப்பா. மாமாவுக்கு முள்ளியவளைப் பக்கம் நாலு ஏக்கர் வயல். "சிறுபோகம் வெட்டி ஒரு மாதமாகிறது, இப்ப எவன் மருந்தடித்தான்? இரவில் நஞ்சு கலந்து பிடிக்கிற உங்கள் ஆட்களைப் போய்க் கேள்" என்றார். இரண்டு பேரும் முற்றத்தில் நின்று கத்தினார்கள். அம்மா நடுவில் நின்று அழுதார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். 2009க்குப் பிறகு நாங்கள் திரும்பி வந்தபோது, அந்தத் தண்ணீரில் மறுபடி கால் வைக்க அப்பாவுக்குப் பல மாதம் எடுத்தது. அங்கே அவர் என்ன பார்த்தார் என்று இங்கே எழுத மாட்டேன். அதனால் நந்திக்கடலில் பிணநாற்றம் வந்தால் அவர் இரவில் நித்திரை கொள்வதில்லை. யாராவது ஒருவன் செய்தான் என்று தெரிந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறும் போல. எனக்கு உண்மை வேண்டும். அப்புறம், பக்கத்து வீட்டு மாமி செத்த திரளியைக் கருவாடு போட்டிருக்கிறார், சின்னப் பிள்ளைகள் மட்டி கிண்டுகிறார்கள். தடுக்க வேண்டுமா?

சிலாவத்தைக்காரன்

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். இன்றே தடுங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

நான் பதினொரு வருடம் புத்தளம் பக்கத்தில் ஓர் இறால் பண்ணையில் இரவு வேலை செய்தவன். காவல் வேலைதான், ஆனால் நான் காத்தது ஒட்சிசனை. பத்து மணி, இரண்டு மணி, நாலு மணி, ஐந்தரை என்று ஒவ்வொரு குளத்திலும் மீற்றரை விட்டுக் கொப்பியில் எழுத வேண்டும். எண் இறங்கினால் ஓடிப்போய்த் துடுப்புச் சக்கரத்தைப் போட வேண்டும். நீங்கள் எழுதிய அந்த நாலரை மணியை நான் நேரில் பார்த்திருக்கிறேன், ஒருமுறை மின்சாரம் நின்று மின்பிறப்பாக்கியும் கிளம்பாத விடியலில். வாயை மேலே நீட்டிக்கொண்டு நிற்கிற மீன் காற்றுக்குத் தவிக்கிற மீன்.

நஞ்சு கலந்தால் அது நேரம் பார்க்காது. கலந்த இடத்தில், கலந்த நேரத்தில், பெரும்பாலும் சின்ன மீன்தான் முதலில் போகும். உங்களுக்கு விடியுமுன் செத்திருக்கிறது, பெரிய திரளி முதலில் போயிருக்கிறது. பெரிய உடம்புக்கு ஒட்சிசன் கூடத் தேவை. யப்பான் குறைந்த ஒட்சிசனிலும் சீவிக்கிற மீன், அதுதான் பிந்தியது. எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிய சாட்சி உங்கள் நண்டு. அடித்தண்ணீரில் மூச்சு விட வழியில்லாதபோது நண்டு மேலே ஏறும். செவுள் ஈரமாக இருக்கிறவரை வெளிக்காற்றில் சமாளித்துக்கொள்ளும்.

உங்கள் பச்சைப் பொடி, பள்ளிக்கூடப் புத்தகத்தில் வருகிற அல்கா, நுண்ணிய பாசி. ஒவ்வொன்றும் ஒற்றைக் கலம், ஒரு சிரட்டைத் தண்ணீரில் கணக்கில்லாமல் இருக்கும். பகலில் வெயிலைப் பிடித்து ஒட்சிசனை விடும். இருட்டினால் அதுவும் மீனைப் போலவே ஒட்சிசனை எடுக்கத் தொடங்கும். 30 பாகை சூட்டில் கடல்நீர் ஒரு லீற்றரில் காற்றோடு சமநிலையில் வைத்திருக்கக்கூடியது ஏறத்தாழ 6 மில்லிகிராம் ஒட்சிசன். பச்சைத் தண்ணீரில் பின்னேரம் மூன்று மணிக்கு அளந்தால் அதற்கு மேலேயே காட்டும், பார்த்து ஏமாந்துவிடுவீர்கள். அதே தண்ணீர் விடியுமுன் 2க்குக் கீழே போய்விடும். 2க்குக் கீழே மீனுக்கும் இறாலுக்கும் பெரும்பாலும் தப்பிக்க வழியில்லை.

இனி அந்த மந்தாரம். வெயில் கொன்றது என்று ஊரில் சொல்வார்கள். சூட்டுக்கும் பங்கு உண்டு, சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும். ஆனால் பண்ணையில் நாங்கள் பயந்தது வெயில் நாளுக்கு இல்லை, இரண்டு நாள் தொடர்ந்து மூடிக்கிடக்கிற வானத்துக்குத்தான். பகலில் ஒட்சிசன் வரவு குறைந்தது, இரவில் செலவு அப்படியே இருந்தது. காற்று விழுந்ததால் தண்ணீர் கலங்கவில்லை. தூறிய நன்னீர் பாரம் குறைந்தது, மேலே ஒரு மூடி மாதிரி நின்றுவிடும், கீழே கிடக்கிற உப்புத் தண்ணீருக்குக் காற்றுப் போகாது. அதற்குமேல் அல்காவே சாகத் தொடங்கியது, தேத்தண்ணி நிறம் அதுதான். செத்ததைத் தின்ன வந்த பற்றீரியா மிச்ச ஒட்சிசனையும் எடுத்துவிட்டது. கூழ்முட்டை நாற்றம் ஐதரசன் சல்பைட்டு. காற்றில்லாத சேற்றில் உண்டாகி மேலே வருவது, மீனுக்கு அதுவும் நஞ்சு. ஆக, தண்ணீரில் நஞ்சு இருந்தது என்று அப்பா சொன்னால் அதில் உண்மை இருக்கிறது. அதை ஒருவரும் கொண்டுவந்து ஊற்றவில்லை.

மாமாவின் நியாயம் பாதி சரி. அறுவடைக்குப் பிறகு யாரும் மருந்தோ பசளையோ போடவில்லைதான். ஆனால் அல்காவைத் தீனி போட்டு வளர்ப்பது நைதரசனும் பொசுபரசும். யூரியாவின் நைதரசன் வாய்க்கால் தண்ணீரோடு ஓடிவரும். பொசுபரசு மண்ணோடு ஒட்டிக்கொண்டு வந்து களப்புச் சேற்றில் படியும். அடிச்சேற்றில் ஒட்சிசன் தீர்ந்தால் இரும்போடு பிடித்து வைத்திருந்த பொசுபரசை அது விட்டுவிடும், அடுத்த பச்சைக்கு அது தீனி. இதற்குப் புத்தகத்தில் நற்போசணையாக்கம் என்று பெயர். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தபோது களப்பெல்லாம் அந்த வருடமே தெளிந்துவிடும் என்று என்னிடம் சொன்னவர்கள் இருக்கிறார்கள். பல போகங்களில் வந்து படிந்தது ஒரு போகத்தில் போகாது. பசளை மட்டும் என்றும் இல்லை. கரையில் கட்டுகிற மாட்டின் எரு, மலசலகூடக் குழிகள், முத்தையன்கட்டுப் பக்கமிருந்து பேராறு கொண்டுவருவது எல்லாம் வந்து நிற்கிற இடம் நந்திக்கடல்தான்.

இனிக் கருவாடும் மட்டியும். செத்து வெயிலில் கிடந்த மீனில் பற்றீரியா உண்டாக்கிய நஞ்சு உப்புக்கும் போகாது, காயவைத்தாலும் போகாது. மட்டி அதைவிட மோசம். தண்ணீரை வடிகட்டி அல்காவைத் தின்று வாழ்கிறது, நஞ்சுள்ள சில வகை அல்கா வந்தால் அந்த நஞ்சைச் சதையில் சேர்த்து வைத்துக்கொள்ளும். அவித்தாலும் அழியாது. 1997இல் கேரளத்தில் விழிஞ்ஞத்தில் அப்படிச் சிப்பி சாப்பிட்டு 7 பேர் இறந்தார்கள், 500 பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். உங்கள் மட்டியில் அந்த நஞ்சு இருக்கிறது என்று சொல்லவில்லை. சோதிக்காமல் இல்லை என்றும் சொல்ல முடியாது. பிள்ளைகளுக்கு உதடு, நாக்கு விறைத்தால் ஒரு நிமிடமும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கொக்கிளாய்ப் பெரியவர்

பிள்ளை, எனக்கு எழுத்து வராது, பேரன் எழுதுகிறான். சிலாவத்தைத் தம்பி ஒட்சிசன் கணக்கைச் சரியாகச் சொன்னார். எனக்குத் தெரிந்தது முகத்துவாரம்.

இறால் கடலில் முட்டை விடும். குஞ்சு முகத்துவாரத்தால் உள்ளே வந்து, சில மாதம் களப்பில் வளர்ந்து, திரும்பக் கடலுக்குப் போகும். வாய் மூடினால் வரவும் இல்லை, போக்கும் இல்லை. தண்ணீருக்கும் அதே கதைதான். அடைபட்ட களப்பு, வாளியில் பிடித்து வைத்த தண்ணீர்.

ஆனால் ஆடி ஆவணியில் மண்வெட்டியோடு போய் வெட்டிப் பிரயோசனம் இல்லை. உள்ளே தண்ணீர் கடலைவிட உயர நிற்க வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழைக்கு உள்ளே நிரம்பி, ஒரு சின்னக் கானாக வெட்டிவிட்டால் மிச்சத்தைத் தண்ணீரே இழுத்துக்கொண்டு போகும். விடிய நாங்கள் முழ அகலத்துக்கு வெட்டுவோம், பின்னேரம் நீந்திக் கடக்க முடியாது. அந்த இழுப்பில்தான் அடிச்சேறும் கழுவுப்படும். வறண்ட காலத்தில் வெட்டினால் இரண்டு நாளில் கடல் மணலைப் போட்டு மூடிவிடும்.

எப்போது வெட்டுவது என்பதில்தான் சண்டை வரும். வயற்காரர் வயல் தாழுமுன் வெட்டு என்பார். கடற்காரர் இறால் இன்னும் சின்னது, இப்ப வெட்டினால் எல்லாம் வெளியே போய்விடும், பொறு என்பார். நான் இளந்தாரியாக இருந்த காலத்தில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கரையில் வந்து நின்று, தண்ணீரையும் வயலையும் பார்த்து ஒரு நாளைச் சொல்வார்கள். அந்த நாளில் வயற்காரரும் மண்வெட்டி கொண்டு வருவார்கள். இப்போது யாரோ இயந்திரம் அனுப்பும்வரை இருக்கிறோம்.

களப்பைத் தூர்வார வேண்டும் என்று உங்கள் பக்கத்துச் சங்கங்கள் கேட்பது எனக்கும் சரியாகப் படுகிறது. முழங்காலளவு தண்ணீர் எப்படிச் சூடாகாமல் இருக்கும்?

சிலாவத்தைக்காரன்

ஐயா, முகத்துவாரத்தைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. தூர்வாருவதில் மட்டும் ஒரு பயம். காற்றில்லாத கறுப்புச் சேற்றை வெயில் காலத்தில் கிளறினால், கீழே அடங்கிக் கிடக்கிற பொசுபரசும் கூழ்முட்டைக் காற்றும் ஒன்றாக மேலே வரும். பண்ணைக் குளத்தில் தண்ணீரை முழுதாக வற்ற விட்டு, சேற்றை வெயிலில் வெடிக்க விட்டுத்தான் அள்ளுவோம். களப்பில் அப்படிச் செய்ய முடியாது. செய்வதென்றால் மழைக்குத் தண்ணீர் ஓடுகிற நாளில், வாய்ப்பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக. 2017இல் நந்திக்கடல் இயற்கை ஒதுக்கமாக வர்த்தமானியில் வந்துவிட்டது, 4,100 ஹெக்டேயருக்கு மேல். ஆகவே இயந்திரம் இறக்குவதென்றால் வனசீவராசித் திணைக்களத்தோடும் பேச வேண்டியிருக்கும்.

பேசாலை அக்கா

தங்கச்சி, ஒன்று கேட்கிறேன். இரவில் அந்தத் தண்ணீரைக் கலக்கினால் நீலமாக மின்னியதா?

ஏன் கேட்கிறேன் என்றால், மன்னார்ப் பக்கம் இதே புரட்டாதி, ஐப்பசியில் கடல் பச்சையாகிற வேறொரு சங்கதி இருக்கிறது. அது நொக்டிலூகா, இரவில் கலக்கினால் மின்னுகிற கடல் நுண்ணுயிர். அக்கரைக்காரர் பூங்கோரை என்பார்கள். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி ஏறத்தாழ 30 கிலோமீற்றர்தான், ஒரே கடல். 2008 ஐப்பசியில் மன்னார் வளைகுடாவில் அது பெருகி மீன் செத்தது, பவளப்பாறையும் வெளிறியது. 2019இல் மண்டபம் பக்கம் திரும்ப வந்தது. அந்த வருடம் அக்கரை உறவுகள் அனுப்பிய படத்தில் கரையடித் தண்ணீர் பச்சைப் பெயின்ற் ஊற்றியது போல் இருந்தது.

நொக்டிலூகா ஒரு கலம்தான், ஆனாலும் கண்ணுக்குத் தெரிகிற அளவு, சவ்வரிசிக் குருணி போல. மற்ற நுண்ணுயிர்களைப் பிடித்துத் தின்னும். எங்கள் மாதிரிச் சூடான கடல்களில் தன் உடம்புக்குள்ளே இன்னொரு குட்டிப் பச்சை உயிரை வைத்திருக்கும், அதனால் பச்சை நிறம். குளிர்ந்த கடலில் அது சிவப்பாக இருக்கும். மனிதருக்கு நஞ்சு உண்டாக்காது, ஆனால் உள்ளே அமோனியாவைச் சேர்த்து வைத்திருந்து விடும். செத்து அழுகும்போது ஒட்சிசனையும் தின்றுவிடும். அது வெளிக்கடலில் இருந்து நீரோட்டத்தோடு வருவது, மூடிக்கிடக்கிற களப்பில் ஆவணி முழுக்க ஊறியது வேறாகத்தான் இருக்கும். ஆனாலும் பார்த்துவிடுவது நல்லது. பச்சையெல்லாம் ஒன்று என்று நினைத்து எங்கள் சங்கத்தில் ஒருமுறை தேவையில்லாமல் ஒரு வீட்டுக்காரரைக் குற்றம் சொல்லிவிட்டோம். அந்தக் குடும்பம் ஒரு வருடம் கூட்டத்துக்கே வரவில்லை. எனக்கு இன்றைக்கும் மனம் கேட்பதில்லை.

அடுத்த முறை நிறம் மாறினால் அன்றே இரண்டு போத்தல் பிடியுங்கள். ஒன்றை ஐஸ் பெட்டியில் வையுங்கள். மற்றதில் அயடின் கரைசல், லூகோல் என்று கேட்டால் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் தருவார்கள், வெறும் தேத்தண்ணி நிறம் வருமளவுக்கு விடுங்கள். அது அல்காவை உருக்குலையாமல் வைத்திருக்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மீன்பிடியியல் பிள்ளைகளிடமோ நாரா என்கிற அரச நீர்வள ஆராய்ச்சி நிறுவன ஆட்களிடமோ கொடுத்தால் நுணுக்குக்காட்டியில் பார்த்து வகையைச் சொல்வார்கள். மீன் செத்த பிறகு பிடிக்கிற தண்ணீரில் பாதிச் சாட்சி போய்விடும்.

சிலாவத்தைக்காரன்

அக்கா சொன்னது நல்ல புத்தி. போத்தலோடு இன்னொன்றும் செய்யுங்கள், செலவில்லை. பெயின்ற் வாளி மூடி ஒன்றை வெள்ளையாக்கி, நடுவில் கயிறு கட்டி, கீழே ஒரு கல் தொங்கவிடுங்கள். பகல் பத்து மணிக்கு நிழல் பக்கமாக இறக்குங்கள். மூடி கண்ணுக்கு மறைகிற ஆழத்தை அளந்து நாள்தோறும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். 1865இல் சேக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கப்பலில் இருந்து பார்த்த அளவை இது, எங்கள் பண்ணையிலும் அதைத்தான் தினமும் பார்த்தோம். 30, 40 சென்ரிமீற்றர் என்றால் மனம் நிம்மதி. 20க்குக் கீழே வந்தால் அன்றிரவு நான் கண் மூடியதில்லை. உங்களுக்கு அது ஒரு கிழமை முன்கூட்டியே சொல்லியிருக்கும். அந்த ஒரு கிழமையில் நிற்கிற இறாலைப் பிடித்தாவது விற்றிருப்பீர்கள்.

வற்றாப்பளை மகள்

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மாமி கருவாட்டைப் புதைக்க மாட்டேன் என்றுதான் முதலில் நின்றார். விழிஞ்ஞத்துக் கதையைச் சொன்னேன். பேசாமல் உள்ளே போய்ச் சாக்கோடு எடுத்துத் தந்தார். பிள்ளைகளை மட்டி கிண்ட விடவில்லை.

பேசாலை அக்கா, மின்னவில்லை. வாளியில் பிடித்துக் கையால் அடித்தும் பார்த்தேன். அப்பாவும் இந்த முறை மின்னல் காணவில்லை என்கிறார்.

நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு முழுதாக வாசித்துக் காட்டினேன். நண்டு வருகிற இடத்தில் நிறுத்தச் சொல்லித் திரும்ப வாசிக்கச் சொன்னார். பிறகு எழும்பிப் போய் வலையைப் பொத்தத் தொடங்கிவிட்டார், ஒன்றும் சொல்லவில்லை.

மூடிக்கு மாமா வீட்டுக்குத்தான் போனேன், அவர் போன தைக்கு வீட்டுக்குப் பெயின்ற் அடித்தவர். என்னத்துக்கு என்று கேட்டார். சொன்னேன். பொசுபரசு சேற்றில் கிடக்கும் என்று நான் சொன்னபோது முகம் கறுத்தது. ஆனால் மூடியைத் தந்தார், கல்லும் அவரே கட்டினார். நேற்றுப் பத்து மணிக்கு நான் முழங்காலளவு தண்ணீரில் நின்று மூடியை இறக்கியபோது வரம்பால் நடந்து வந்து கரையில் நின்றார். ஒரு சாணுக்கு முன்னமே மறைந்துவிட்டது. கரையில் இருந்து "எவ்வளவு?" என்று கேட்டார். கையை விரித்துக் காட்டினேன். பெருவிரலைக் கொஞ்சம் மடக்கித்தான் காட்ட வேண்டியிருந்தது. இன்றைக்கும் வந்தார். கொப்பியில் எண்ணைத் தானே எழுதினார்.

கொக்கிளாய் ஐயா, ஐப்பசி மழைக்கு வாய் வெட்டுகிற நாளை யார் சொல்வது என்று சங்கத்தில் கேட்கப் போகிறேன். வயற்காரரையும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட வேண்டும் என்று சொல்வேன். பொம்பிளைப் பிள்ளை என்ன கதைக்கிறாள் என்று யாராவது சொன்னால் கொப்பியைக் காட்டுவேன்.

அப்பாவும் மாமாவும் இன்னும் பேசவில்லை. நாளை விடிய நாலு மணிக்கு யாழ்ப்பாணத்தில் படிக்கிற ஒரு பிள்ளை ஒட்சிசன் மீற்றரோடு வருகிறார். அப்பா பின்னேரமே வள்ளத்தைக் கழுவி, தண்ணீர் இறைத்து, கரையில் இழுத்து வைத்திருக்கிறார். அளந்ததை வந்து எழுதுகிறேன்.